மூன்று நாள் நீலம்

நீலக்கல்லை வாங்கின கையோடு மோதிரத்தில் பதிக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். நீலம் சனி பகவானுடைய கல். ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், ஒத்துக்கொள்ளாவிட்டால் குடும்பத்தையே கவிழ்த்துவிடும். அதனால் கல்லை ஒரு நீலத் துணியில் முடிந்து, போட்டுக்கொள்ளப் போகிறவர் தலையணைக்கு அடியில் மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும். கெட்ட கனவு வந்தாலும் சரி, வண்டி பஞ்சரானாலும் சரி, அடுப்பில் பால் திரிந்தாலும் சரி, கல் சேரவில்லை என்று அர்த்தம். கடைக்காரர்களே மூன்று நாள் கெடு கொடுத்துத்தான் விற்பார்கள். சேரவில்லை என்று கொண்டுபோனால் முகம் சுளிக்காமல் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

என் கல்யாணம் அந்த மூன்று நாளில் நின்றுபோனது. ஏழு வருஷம் ஆகிறது. ஊரில் ஆளுக்கொரு கதை சொல்லி முடித்துவிட்டார்கள், நான் மட்டும்தான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கேட்டுவிட்டு யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வர வேண்டாம்.

எங்களுக்குத் திருவெள்ளறை. அப்பாவுக்கு அரை ஏக்கர் நிலம். கடலை போடுவார், எள் போடுவார், மழை ஏமாற்றினால் சும்மா போட்டுவிடுவார். அம்மா நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டாள். பன்னிரண்டாவது முடித்ததும் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். திருச்சியைச் சுற்றி இந்தப் பட்டறைகள் நிறைய உண்டு. நகைக்கடையில் கம்மலிலும் மூக்குத்தியிலும் மின்னுகிற அமெரிக்கன் டைமண்ட், சிவப்புக் கல், பச்சைக் கல் எல்லாம் எங்களைப் போன்றவர்கள் கையில் உருவானவைதான். பூமியில் தோண்டி எடுத்தவை இல்லை. உலையில் காய்ச்சின கட்டிகளாக மூட்டையில் வரும். அதைத் துண்டு போட்டு, குச்சி நுனியில் அரக்கு வைத்து ஒட்டி, சுழலும் தட்டில் பிடித்துப் பட்டை போட வேண்டும். வேலை பழகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம். விரல் நுனி மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். ரேஷன் கடையில் ரேகை வைக்கப் போனால் மெஷின் என்னை ஒரு தடவைகூட ஒழுங்காக ஏற்றுக்கொண்டதில்லை.

அந்த வரன் வந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. அதற்கு முன்னால் ஆறு பேர் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். இவர்கள் ஸ்ரீரங்கம். பையனுக்குத் தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. நெஞ்சுக்கு எக்கோ எடுக்கிற மெஷின் அவர் பொறுப்பில்தான். அப்பா ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், அதிகம் பேசமாட்டார். அம்மாதான் வீட்டில் எல்லாம். ஒரே பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அந்த அம்மா என் தேய்ந்த விரல்களைப் பிடித்துத் தடவிப் பார்த்தார்.

"எனக்குப் பொண்ணு இல்லம்மா. உனக்கு அம்மா இல்ல. ரெண்டு பேருக்கும் கணக்குச் சரியாப் போச்சு" என்றார்.

அன்றைக்கே நான் அவரை அத்தை என்று கூப்பிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மாப்பிள்ளையைவிட அந்த அத்தை வேண்டும் என்றுதான் நான் முதலில் ஆசைப்பட்டேன்.

அவரையும் பிடித்துப்போனது. போனில் பேசப் பேசப் பிடித்தது. சிரிக்க வைப்பார். அவர் அம்மா எதற்கெடுத்தாலும் ஜோசியரிடம் ஓடுவதைக் கேலி செய்வார். "எல்லாம் காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை. பனம்பழத்துக்குக் காரணம் காக்காதான்னு சொல்லி அந்த ஆளு ஃபீஸ் வாங்கறாரு" என்பார். பட்டறையில் மெஷின் ஓடுகிற சத்தத்தில் சரியாகக் காதில் விழாவிட்டாலும் நான் சிரித்துவைப்பேன்.

அந்த ஜோசியர்தான் நீலத்தை எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு ஏழரைச் சனி, நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டார் போடுகிற மோதிரம் நீலம் பதித்ததாக இருந்தால் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று. அத்தை அந்தச் சீட்டை மடித்து என் அப்பா கையில் கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார்: "உப கல்லு எல்லாம் வேணாங்க. அசல் நீலமாப் பாருங்க. உங்க பொண்ணு வாழப்போற வீடு."

அப்பாவும் நானும் பெரிய கடை வீதிக்குப் போனோம். கல் விற்கிறவர் நிதானமான மனிதர். ஒரு வெல்வெட் தட்டை முன்னால் வைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் மயில் கழுத்து நிறத்தில் ஒன்று. கூடவே ஒரு சர்டிபிகேட். விலையைச் சொன்னார். அப்பா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், தவறாகக் காதில் விழுந்திருக்குமோ என்று.

"அது இலங்கைக் கல்லுங்க. அதுக்குக் கீழே பாங்காக் இருக்கு. சூடு பண்ணி நிறம் ஏத்தினது. அதுவும் நீலந்தான், ஜோசியர் சிலபேரு ஒத்துக்கமாட்டாங்க. அதுக்கும் கீழேன்னா உப கல்லுதான், நீலி இருக்கு, செவ்வந்திக்கல் இருக்கு."

"அது போட்டா பலன் உண்டுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"உண்டுங்க. கொஞ்சம் கம்மி."

"எவ்வளவு கம்மி?"

கடைக்காரர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அது அவங்கவங்க பிராப்தம்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. தட்டின் ஓரத்தில் இன்னொரு கல் இருந்தது. மயில் கழுத்தைவிடத் தெளிவு, ஒரு புள்ளி அழுக்கு இல்லை. அது என்ன என்று அப்பா கேட்பதற்குள் கடைக்காரர் அதை ஒதுக்கினார். "அது சும்மாங்க, சிந்தெடிக். கவரிங் மோதிரத்துக்குக் கேப்பாங்க." எனக்குத் தெரியாதா? அந்த மாதிரி ஒரு நாளைக்கு முப்பது கல் போடுகிறவள் நான். எங்கள் பட்டறையில் பட்டை போட்டதாகவே இருந்தாலும் இருக்கும்.

பஸ்ஸில் வரும்போது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார்: "நிலத்துல பாதியைக் கொடுத்துடலாம் பாப்பா. வானம் பாத்த பூமிதானே. எனக்கும் குனிய முடியல." அன்று மாலையே மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொன்னேன். திட்டத்தான் போட்டேன். உங்க அம்மாவின் ஜோசியருக்காக எங்க அப்பா சோற்றை விற்க வேண்டுமா என்று கேட்டேன்.

அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "நீ ஒண்ணு போட்டுக் கொடேன்."

"எது?"

"கல்லு. உன் பட்டறைக் கல்லு. எங்கம்மாவுக்கு என்ன தெரியப்போகுது? நீ பட்டை போட்ட கல்லை நான் கையில போட்டுக்கறேன். எனக்கு அதுதான் அசல்."

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் தலையில் தூக்கி வைத்தேன். யோசனை முழுக்க அவருடையதுதான். என் அப்பாவிடம் அவரே பேசினார்: "மாமா, எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு, கல்லை என் செலவுல நானே வாங்கிக்கறேன். அம்மாகிட்ட மட்டும் நீங்க வாங்கினதாச் சொல்லிடுங்க." அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அது பட்டறைக் கல் என்று அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை. வெள்ளை மனசுக்காரர், எங்கேயாவது உளறிவிடுவார் என்று பயம்.

முதலாளியிடம் சொல்லி ஒரு நீலக் கட்டி வாங்கினேன். ஒரே கட்டியில் இரண்டு கல் எடுத்தேன். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. அவர் கல்லுக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். அதற்குள் தொண்ணூறு கல் போட்டிருக்கலாம். பக்கத்தில் உட்காருகிற அக்கா கேட்டாள், "என்னடி, சாமிக்கா பண்றே?" என்று. முடித்து வெயிலில் பிடித்தபோது கடைக்காரர் தட்டில் இருந்த இலங்கைக் கல்லைவிட என்னுடையது அழகாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழி தெரியும். லென்ஸ் வைத்துப் பார்க்க அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா அதை நீலத் துணியில் முடிந்து, வெற்றிலைப் பாக்கோடு கொண்டுபோய்ச் சம்பந்தி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள். கல் சேர்ந்துவிட்டால் செவ்வாய்க்கிழமை ஆசாரியிடம் பதிக்கக் கொடுப்பது, வியாழக்கிழமை நிச்சயதார்த்தம்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் போன் செய்தார்.

"நல்லாத் தூங்கினேன். கனவுல நீதான் வந்தே. அம்மாகிட்ட மகாலட்சுமி வந்ததாச் சொல்லிட்டேன்."

"நானும் இன்னொண்ணைத் தலைமாட்டுல வெச்சுத்தான் தூங்கினேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்பாவுக்கு நெஞ்சு பிடிக்கிற மாதிரி இருக்காம். ரெண்டு வாரமா இருக்குன்னு நேத்துதான் எங்கிட்ட சொன்னார். அம்மாவுக்குத் தெரியாது."

"ஐயோ, டெஸ்ட் எடுங்க. உங்க மெஷின்தானே?"

"அரை மணி நேர வேலைதான். ஆனா இப்ப எடுத்து ஏதாவது இருக்குன்னு வந்துச்சுன்னா அம்மா நிச்சயத்தையே தள்ளி வெச்சுடுவாங்க. கல்லு சேரலைன்னு ஆரம்பிச்சுடுவாங்க. வியாழக்கிழமை முடியட்டும். வெள்ளிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்."

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "சரிங்க" என்றேன். ஆறு பேர் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனது என் ஞாபகத்தில் இருந்தது. வியாழக்கிழமைக்கு முன்னால் இருக்கிற நான்கு நாளில் குறுக்கே ஒன்றும் வந்துவிடக் கூடாது என்ற அவசரம் எனக்கும் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் அப்பா காபி குடித்துவிட்டுப் பேப்பரை விரித்தவர், நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

நாங்கள் போனபோது கூடம் முழுக்க ஜனம். அத்தை என்னைப் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அங்கே இருந்த பெண்கள்தான் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்: ஆள் விழுந்ததும் அந்த அம்மா முதலில் ஓடியது பிள்ளையின் அறைக்காம். தலையணையைத் தூக்கி, அந்த நீலத் துணி முடிச்சை எடுத்து வாசலில் விட்டெறிந்துவிட்டுத்தான் புருஷனிடம் வந்து உட்கார்ந்தாராம். அந்தப் பெண்களில் ஒருத்தி என் புடவையைப் பார்த்தாள். நான் கட்டியிருந்தது நீலப் புடவை. அவசரத்தில் கைக்குக் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன், சனியன்.

அவர் தலைமுழுகிவிட்டு ஈர வேட்டியோடு நின்றார். ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தரகர் வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "வேணாம்னுட்டாங்க. கல்லு வீட்டுக்குள்ள வந்து மூணு நாளைக்குள்ள ஆளை அடிச்சிருச்சாம். கல்லே இப்படின்னா அதைக் கொண்டுவந்த பொண்ணு எப்படியோன்னு அந்தம்மா நெனைக்கறாங்க. நெனைக்கத்தானே செய்வாங்க?" என்றார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ராசின்னு ஒண்ணு பேராயிடுச்சுன்னா அப்புறம் கஷ்டம்மா. யாராவது எடுத்துச் சொல்லிச் சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யார் எடுத்துச் சொல்வது? சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தர்தான். "அம்மா, அது சனியும் இல்லை பினியும் இல்லை, உலையில காய்ச்சின கல்லு. நான்தான் போட்டுக் கொடுக்கச் சொன்னேன்." இவ்வளவுதான். இதைச் சொன்னால் என் பேர் தப்பிக்கும். போன் போட்டேன், எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், பார்த்துவிட்டதாகக் காட்டியது, பதில் இல்லை. துக்க வீடு, அவருக்கும் நேரம் வேண்டாமா என்று ஒரு வாரம் பொறுத்தேன். அந்த ஒரு வாரத்தில் திருவெள்ளறையில் பால்காரர் வரைக்கும் சேதி போய்விட்டது. பட்டறையில் புதிதாக வந்த ஒருத்தி, தன் கம்மலுக்கு வைத்திருந்த கல்லை என் மேஜையிலிருந்து நைசாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அடித்ததே இல்லை. அன்றைக்குக் கை ஓங்கிவிட்டு, அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு சட்டையை மாட்டினார்.

"கிளம்பு. நாமளே போய்ச் சொல்லுவோம். பையன் நல்லவன். நாம சொன்னா அவனும் சொல்லிடுவான்."

டோல்கேட்டில் இறங்கி வேறு பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனோம். கொள்ளிடத்தில் தண்ணீரே இல்லை, வெறும் மணல். அவர்கள் வீட்டில் அத்தையும் அவரும் மட்டும்தான் இருந்தார்கள். சுவரில் புதுப் போட்டோ, அதற்கு மாலை. எங்களை உட்காரச் சொன்னார்கள். அப்பா உட்காரவில்லை.

"அம்மா, தப்பு எங்க பேர்லதான். அது அசல் நீலமே இல்லீங்க. நான் வாங்கவே இல்ல. இவ பட்டறையில போட்ட கல்லு. செயற்கைக் கல்லுங்க, அதுக்கு நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. வேணும்னா மாப்பிள்ளையைக் கேளுங்க."

அத்தை கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை. நெற்றி வெறுமையாக, பாதி ஆளாக இருந்தார். அப்புறம் பிள்ளையிடம் திரும்பினார்.

"நெஜமாடா? போலிக் கல்லை வெச்சு சனி பகவானையே ஏமாத்தினீங்களா? அப்படின்னா அவர் சும்மா விடுவாரா? நீங்க ரெண்டு பேருமாச் சேர்ந்துதான் உங்கப்பாவைக் கொன்னிருக்கீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, வந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று. கல் அசல் என்றால் நான் ராசி கெட்டவள். கல் போலி என்றால் பிள்ளை அப்பாவைக் கொன்றவர். அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு கணக்கே கிடையாது.

அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஜென்மத்தில் இன்னொருத்தர் வாயை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"இல்லம்மா" என்றார். "அசல்தான். அவங்க அப்பாதான் வாங்கினார். எங்கிட்ட பில்லுகூடக் காட்டினார்."

அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்த பொய்யைத் தவிர வேறு பொய் தெரியாது. முகத்துக்கு நேராகச் சொல்லப்படுகிற பொய்யை என்ன செய்வது என்றும் தெரியாது. நான்தான் பேசினேன்.

"கல்லைக் கொண்டாங்க. லென்ஸ் எடுத்துட்டு வந்திருக்கேன். உள்ளே குமிழி இருக்கு, நீங்களே பாக்கலாம்."

"வாசல்ல கிடந்ததை எடுத்து வெச்சிருந்து, பத்தாம் நாள் அம்மா மண்டபம் படித்துறையில காவேரியோட விட்டாச்சு" என்றார் அத்தை. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார்: "கல்லைப் பாத்து என்னம்மா ஆகப்போகுது? திடமா இருந்த மனுஷன். நெஞ்சு வலின்னு ஒரு நாள் வாயைத் தொறந்து சொன்னதில்ல. சொல்லியிருந்தா விட்டிருப்போமா? வீட்டுலயே மெஷின்காரன் இருக்கான். அந்தக் கல்லு வராம இருந்தா மனுஷன் இன்னிக்கு இருப்பார்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. சொல்லாதே என்றது அந்த முகம். கெஞ்சியது. அவருக்கு அந்தக் கல் அசலாக இருந்தே ஆக வேண்டும். கல் கொன்றது என்றால்தான் அந்த அரை மணி நேர டெஸ்ட்டைத் தள்ளி வைத்தது கொல்லவில்லை என்று ஆகும்.

ஒரு வாக்கியம்தான். "நெஞ்சு வலின்னு அவர் உங்க பையன்கிட்ட சொன்னார், இவர்தான் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வெச்சார்." என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மா நம்பியிருப்பார். அதற்கு லென்ஸ் எதுவும் வேண்டியதில்லை. நான் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்த வாக்கியத்துக்கு அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். "உனக்கு எப்படிம்மா தெரியும்? தெரிஞ்சு நீ என்ன சொன்னே?" நான் சரிங்க என்று சொன்னேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவரைக் காப்பாற்ற இல்லை.

"வரேங்க" என்று சொல்லிவிட்டு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். துக்க வீட்டில் வரேன் என்று சொல்லக் கூடாது. அதுகூட அப்போது தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அப்பா கை கால் கழுவிவிட்டு வந்து, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"இன்னொரு கல்லு உங்கிட்ட இருக்குன்னு சொன்னியே?"

"இருக்குப்பா."

"தூக்கிப் போட்டுடும்மா."

"அப்பா, அது கண்ணாடி மாதிரிப்பா. மூட்டையில வருது. நானே அறுத்தது."

"தெரியும். இருக்கட்டும். எதுக்கு வம்பு?"

அன்றைக்குத்தான் நான் அழுதேன். அவர் முன்னாலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். கல்லை மட்டும் தூக்கிப் போடவில்லை. ஒரு பழைய மாத்திரை டப்பாவில் அலமாரி மேல் தட்டில் கிடக்கிறது. ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: பக்கத்து வீட்டுக் குழந்தை ஒரு நாள் அதை எடுத்து விளையாடியபோது, வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். எதற்காகப் பிடுங்கினேன் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு வரன் வந்தது. இடைவழியிலேயே யாரோ சேதி சொல்லித் திரும்பிப் போய்விட்டார்கள். ஸ்ரீரங்கத்துக்காரருக்கு அடுத்த வருஷமே கல்யாணம் ஆனது, குழந்தை இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். நான் இப்போதும் பட்டறையில்தான் இருக்கிறேன். நீலக் கட்டி வந்தால் மற்றவர்களிடம் தள்ளிவிடுகிறேன்.

போன ஆடியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் வழியாகப் போகிற துறையூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். யாரோ கையைப் பிடித்தார்கள். திரும்பினால் அந்த அம்மா. நன்றாக வயதாகியிருந்தது. என் விரல் நுனியைத் தடவிப் பார்த்துத்தான் நான்தான் என்று உறுதி செய்துகொண்டார்.

"நல்லா இருக்கியாம்மா? அப்பா எப்படி இருக்கார்?"

"இருக்கார்ங்க."

"உனக்கு இன்னும் அமையலையாமே, கேள்விப்பட்டேன்." கண் கலங்கிவிட்டது அவருக்கு. நடிப்பு இல்லை. "என் மேல கோபம் இருக்கும். இருக்கத்தான் செய்யும். அன்னிக்கு எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. கல்லு சேரலைன்னா நீ என்ன பண்ணுவே, பாவம்? நான்தானே அசல் நீலம் கேட்டு உங்கப்பாவை வதைச்சேன். அந்தப் பாவம் உன் தலையில விடிஞ்சிடுச்சு."

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"சனிக்கிழமை சனிக்கிழமை உன் பேருக்கு எள்ளு விளக்கு ஏத்தறேன்மா. ஆறு வருஷமா ஒரு வாரம் விட்டதில்ல. உனக்கு நல்ல வழி பொறக்கணும்னு. எனக்கு முட்டி வலி, நடக்க முடியாது. அவன்தான் கோயிலுக்கு வண்டியில கொண்டு விடுவான்."

"அவரா?"

"ஆமாம்மா. உள்ளே மட்டும் வரமாட்டான். ஏன்டா, நீயும் ஒரு விளக்கு ஏத்தேன்னா வாயே தொறக்கமாட்டான். நான் உன் பேரைச் சொல்லி ஏத்திட்டு வர்ற வரைக்கும் வெளியிலேயே நிப்பான். வெயில்னாலும் மழைன்னாலும் அங்கேயே நிப்பான்."

இத்தனை வருஷம் கழித்து அந்த வாக்கியம் மறுபடியும் என் நாக்குக்கு வந்தது. இந்தத் தடவை அடுத்த கேள்விக்கும் பயம் இல்லை. என்னிடம் இழக்க என்ன இருக்கிறது? சொன்னால் இந்த அம்மா என் பேருக்கு விளக்கு ஏற்றுவதை நிறுத்திவிடுவார். அவரும் அந்த வாசலில் நிற்க வேண்டியிருக்காது.

துறையூர் பஸ் வந்து நின்றது. நான் அந்த அம்மாவின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டேன்.

"ஏத்துங்கம்மா" என்றேன். "ஒரு வாரம்கூட விட்டுடாதீங்க."